அந்த ஜாடிக்கு என்ன அர்த்தம்? ஓசுவின் 'தலையணை ஷாட்'டுகளுக்கு ஓர் அறிமுகம்

ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு முடிகிறது. அடுத்த காட்சி வேறோர் இடத்தில் தொடங்க வேண்டும். ஆனால் திரையில் ஒரு துணிக்கொடி வருகிறது, துணி காய்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தாறு வினாடி. அப்புறம் ஒரு புகைபோக்கி. இன்னும் ஐந்தாறு வினாடி. ஆள் யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கதை தொடர்கிறது.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களை முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. நான் தடுமாறவில்லை, தாண்டிவிட்டேன். லேப்டாப்பில் 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தபோது இந்த மாதிரி ஷாட் வந்தாலே வலப்பக்க அம்புக்குறியைத் தட்டுவேன். பத்து வினாடி முன்னே போகும். வசனம் எதுவும் தவறாது. படம் முடிந்ததும், "பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்காத கதை, இதை நம்மூரில் எத்தனை தடவை எடுத்துவிட்டார்கள்" என்று மூடி வைத்தேன். சில வருடம் கழித்து ஒரு திரைப்படச் சங்கத்தில் அதே படத்தைப் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறிச் சத்தம், கையில் அம்புக்குறி இல்லை. அன்றைக்கு அந்தத் துறைமுகத்தையும் படகையும் முழு நீளத்துக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் நான் பார்த்தது வேறு படம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த ஆளில்லாத ஷாட்டுகளுக்கு ஒரு பெயர் உண்டு: தலையணை ஷாட். பெயர் வைத்தவர் ஓசு அல்ல. ஜப்பானிய சினிமா பற்றி நோயல் பர்ச் என்ற ஆய்வாளர் 1979-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்குள் ஓசு இறந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. ஜப்பானின் பழைய கவிதைகளில் 'மகுராகொதோபா' என்று ஒன்று உண்டு, நேர்ப்பொருள் 'தலையணைச் சொல்'. மலை என்ற சொல் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் 'அஷிஹிகி நோ' என்ற அடைமொழி வரும். அதற்குச் சரியான பொருள் என்னவென்று இன்றைக்கும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் மலை என்ற சொல் அதன்மேல்தான் தலை சாய்க்கிறது. செய்தி எதையும் சொல்லாமல், வரப்போகிற சொல்லுக்கு இடம் போட்டு வைக்கிற வேலை. ஓசுவின் துணிக்கொடியும் புகைபோக்கியும் செய்வது இதைத்தான் என்பது பர்ச்சின் எண்ணம்.

ஜப்பானிய விமர்சகர்கள் அதற்கும் முன்பே இதைத் 'திரைச்சீலை ஷாட்' என்று அழைத்திருக்கிறார்கள், நாடகத்தில் ஓர் அங்கம் முடிந்து திரை விழுகிற மாதிரி. சீன மொழியில் சினிமாக்காரர்கள் ஆளில்லாத ஷாட் எதையுமே 'வெற்று ஷாட்' என்பார்கள். மூன்று பெயரில் எனக்குப் பிடித்தது தலையணைதான். ஒரு காரணம், டோக்கியோ ஸ்டோரியின் தொடக்கக் காட்சியிலேயே ஒரு தலையணையைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஊருக்குக் கிளம்பும் கிழவரிடம், காற்றுத் தலையணை என்னிடம் இல்லையே என்கிறாள் மனைவி. உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் கிழவர். கொடுத்தேன் என்று சாதித்துவிட்டுத் தேடினால், அவர் பையிலேயே இருக்கிறது. பர்ச் வைத்த பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா ஒரு பொருத்தம்.

ஓசுவைப் பற்றிக் கொஞ்சம். 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவில் பிறந்தார். 1963 டிசம்பர் 12, தன் அறுபதாவது பிறந்தநாள் அன்றே இறந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் ஷோசிகு நிறுவனத்துக்காக. கல்யாணமே செய்துகொள்ளாமல் அம்மாவோடு வாழ்ந்த மனிதர், கடைசிப் பதினைந்து வருடம் திரும்பத் திரும்ப மகளைக் கட்டிக்கொடுப்பது பற்றியே படம் எடுத்தார். ஏன் ஒரே மாதிரி எடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தான் டோஃபுக் கடைக்காரன், டோஃபுதான் போடத் தெரியும் என்கிற ரீதியில் பதில் சொல்லியிருக்கிறார். இன்னொரு சங்கதி நமக்குச் சுவாரசியமானது. போர்க்காலத்தில், 1943-இல், ஜப்பான் ராணுவம் இவரை சிங்கப்பூருக்கு அனுப்பியது. இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொல்லித்தான். மலாயாத் தமிழர்கள் திரளாக நேதாஜியின் படையில் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. படம் முடியவேயில்லை. கைப்பற்றிய அமெரிக்கப் படச்சுருள்கள் அங்கே நிறைய இருந்தன. 'சிட்டிசன் கேன்' உட்பட அவற்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழித்தார். ஆர்சன் வெல்ஸின் அந்தப் படத்தில் கேமரா செய்யாத வித்தை இல்லை. திரும்பி வந்து ஓசு எடுத்த படங்களிலோ கேமரா நகர்வதே அபூர்வம்.

சரி, ஷாட்டுக்கு வருவோம். அது எதற்கு இருக்கிறது?

முதலில் ஒரு நடைமுறைக் காரணம். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்தக் காலத்துப் படங்களில் சில வழிகள் இருந்தன. திரை மெல்ல இருளும், அல்லது ஒரு படிமம் கரைந்து இன்னொன்று மேலெழும். கொஞ்ச நேரம் கடந்துவிட்டது என்று பார்வையாளருக்குப் புரியும். ஓசு தன் பிற்காலப் படங்களில் இவற்றைக் கைவிட்டுவிட்டார். வெறும் கட் மட்டும்தான். அப்படியானால் நேரமும் இடமும் மாறியதை எப்படிச் சொல்வது? அந்த இடத்துக்குத்தான் புகைபோக்கி வருகிறது. டோக்கியோ ஸ்டோரியில் ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் கிழவரும் கிழவியும் பை கட்டுகிறார்கள். கட். புகைபோக்கிகள். பிறகு மூத்த மகனுடைய கிளினிக்கின் பெயர்ப்பலகை. டோக்கியோ வந்துவிட்டோம். கிட்டத்தட்ட ஒரு நாள் ரயில் பயணம் அந்தக் கட்டுக்குள் போய்விட்டது. பயணத்தைப் பற்றிய படம், பயணத்தைக் காட்டவேயில்லை.

இது வெறும் சிக்கனம் என்று நினைத்தால் படத்தின் பின்பாதி அந்த எண்ணத்தை மாற்றிவிடும்.

பெற்றோர் டோக்கியோவில் பிள்ளைகளுக்குப் பாரமாகி, அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பப்பட்டு, அங்கே இரவெல்லாம் சத்தத்தில் தூக்கம் வராமல் திரும்பி, கடைசியில் ஊருக்கே போகிறார்கள். வழியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அந்த ரயில் பயணத்தையும் நாம் பார்ப்பதில்லை, ஒசாகாவில் இருக்கும் மகன் வாய்வழியாகத் தெரிந்துகொள்கிறோம். பிறகு ஒனோமிச்சி வீட்டில் அம்மா நினைவிழந்து கிடக்கிறாள். மூத்த மகன் மருத்துவன். விடியும்வரை தாங்குவது கஷ்டம் என்று அப்பாவிடமும் தங்கையிடமும் சொல்கிறான். அப்பா அழவில்லை. அப்படியா, முடிவு வந்துவிட்டதா என்கிற மாதிரி ஏதோ முணுமுணுக்கிறார்.

அடுத்து நம்மூர்ப் படம் என்றால் கட்டில், விசும்பல், கை தளர்ந்து விழுவது எல்லாம் வரும். ஓசு ஊரைக் காட்டுகிறார். அதிகாலைத் துறைமுகம், ஆளில்லாத கரை, படகு. சில வினாடிகள்தான். மறுபடி வீட்டுக்குள் வரும்போது அம்மாவின் முகத்தில் வெள்ளைத் துணி.

என் அம்புக்குறி விழுங்கியது இதைத்தான். கதை எதுவும் தவறவில்லை என்று நினைத்திருந்தேன். அம்மாவின் உயிர் போனதே அந்தத் துறைமுக ஷாட்டுகளுக்குள்தான். அவளுடைய சாவை ஓசு நமக்குக் காட்டவில்லை, ஆனால் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நம்மோடு சேர்ந்து உட்கார்ந்து கழிக்கிறார். முன்பு இதே ஊரைப் படத்தின் தொடக்கத்தில் பார்த்திருக்கிறோம். கடலோரக் கல்விளக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கூரைகளுக்கு நடுவே ஓடும் ரயில். அப்போது அது வெறும் ஊர். இப்போது அதே ஊர்தான், அதே அமைதிதான். இடையில் இரண்டு மணி நேரம் அவளோடு நாம் பழகிவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அப்பாவைக் காணோம் என்று மருமகள் நொரிகோ தேடிப் போகிறாள். வெளியே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அந்த வேடத்தில் நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எழுபது வயதுக் கிழவராக முதுகை வளைத்து நிற்கிறார். நாம் சற்றுமுன் பார்த்த அந்த அதிகாலையைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தாரோ? படம் அதைச் சொல்வதில்லை. அந்தக் காலி ஷாட்டுகள் யாருடைய கண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஓசு ஒருபோதும் தெளிவாக்குவதில்லை.

இப்போது ஜாடிக்கு வரலாம். உலக சினிமாவில் இத்தனை பேர் சண்டை போட்டுக்கொண்ட ஜாடி வேறு கிடையாது.

1949-இல் வந்த 'லேட் ஸ்பிரிங்'. இருபத்தேழு வயது மகள் கல்யாணம் வேண்டாம், அப்பாவோடேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள். அவளைச் சம்மதிக்க வைக்க, தானே மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா பொய் சொல்கிறார். கல்யாணத்துக்கு முன் இருவரும் கடைசியாக ஒரு பயணம் போகிறார்கள், கியோட்டோவுக்கு. இரவு, விடுதி அறை, இருவரும் அருகருகே படுத்திருக்கிறார்கள், விளக்கு அணைந்துவிட்டது. மறுமணம் செய்துகொண்ட ஒரு குடும்ப நண்பரைத் தான் முன்பு அசிங்கம் என்று சொன்னது தவறு என்கிறாள் மகள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா தூங்கிவிட்டார். அவள் கூரையைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். கட். அறையின் ஓரத்தில் ஒரு ஜாடி, பின்னால் காகிதச் சன்னலில் மூங்கில் நிழல். அப்பாவின் குறட்டை. கட். மகளின் முகம், இப்போது சிரிப்பு இல்லை, கண் கலங்கப் போகிறது. மறுபடி அதே ஜாடி, முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அவ்வளவுதான். அடுத்த காட்சி ரியோஅன்ஜி கோயிலின் கற்பூங்கா.

அந்த ஜாடி எதற்கு? பின்னாளில் 'டாக்ஸி டிரைவர்' திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடர் 1972-இல் ஓசுவைப் பற்றி எழுதியபோது, உணர்ச்சியை ஏந்திக்கொண்டு அதை உறைய வைக்கிற பாத்திரம் அது என்கிற விதமாக விளக்கினார். அது எதையும் குறிக்கவில்லை, கதையிலிருந்து விலகி நிற்பதுதான் அதன் வேலை என்றார்கள் வேறு சிலர். ஷிகெஹிகோ ஹசுமி என்ற ஜப்பானிய விமர்சகர், நீங்கள் எல்லாரும் ஜாடி ஜாடி என்கிறீர்களே, அந்த ஃப்ரேமில் நிலா வெளிச்சமும் மூங்கில் நிழலும் இருக்கிறதே என்று கேட்டார். எனக்கு இதில் ஹசுமி பக்கம்தான். போய்ப் பார்த்தால் தெரியும், ஜாடி அந்த ஃப்ரேமில் ஒரு பகுதிதான்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல். நாம் பள்ளிக்கூடத்திலேயே திணை படித்தவர்கள். குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல். கடற்கரையில் ஒரு நாரை நின்றால் அது எந்தத் தலைவனைக் குத்துகிறது என்று தேடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சங்கப் பாட்டுக்கு அந்தச் சாவி சரி, அதை வைத்துத்தான் அந்தப் பூட்டையே செய்திருக்கிறார்கள். ஓசுவிடம் அதே சாவியைக் கொண்டுபோனால் திருகித் திருகிக் கை வலிக்கும். துணிக்கொடி என்றால் குடும்பம், புகைபோக்கி என்றால் நவீனம், ரயில் என்றால் பிரிவு என்று அட்டவணை போட்டு எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜாடியை இப்படிப் பாருங்கள். அதற்கு முன்னால் மகள் சிரிக்கிறாள், பின்னால் கலங்குகிறாள். சிரிப்பு எந்தக் கணத்தில் கலக்கமாக மாறியது என்று நமக்குக் காட்டப்படவில்லை. நடிகை செட்சுகோ ஹராவுக்கு அந்த மாற்றத்தை ஒரே ஷாட்டில் செய்துகாட்டத் தெரியாதா என்ன? செய்திருப்பார், நாமும் அருமையான நடிப்பு என்று சொல்லியிருப்போம். ஓசு அந்தக் கணத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். சாவு வீட்டில் அழுகிறவரின் முகத்தை உற்றுப் பார்க்காமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்போமே, அந்த மாதிரி. காலண்டருக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனால் பல வருடம் கழித்து அந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தக் காலண்டர்தான்.

ஓசு படம் 'ஸ்லோ' என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. இது பாதி உண்மைதான். டோக்கியோ ஸ்டோரியில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் பத்து வினாடியைச் சுற்றித்தான் வரும். நீளமான ஷாட்டுக்குப் பேர்போன இயக்குநர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மெதுவாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறு. கேமரா அசைவதில்லை, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே ஒன்று, தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே வைத்த உயரம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிற மனிதர்கள். பரபரப்புக்கு ஒரு பிடி கிடைப்பதில்லை. அதே சமயம், எல்லாக் காலி ஷாட்டும் ஆழமானது என்று நினைத்துவிடவும் வேண்டாம். சில இடங்களில் மனிதருக்கு அந்த வண்ணம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். 1958-இல் முதல் வண்ணப்படமான 'ஈக்வினாக்ஸ் ஃப்ளவர்' எடுத்தபோது ஒரு சிவப்புக் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். ஷாட்டுக்கு ஷாட் அது வேறு வேறு மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும். ஒரே அறையில் இவ்வளவு தூரம் அது எப்படி நகர்ந்தது என்று கேட்கக் கூடாது. ஃப்ரேமுக்கு அங்கே சிவப்பு வேண்டும், வைத்துவிட்டார்.

இவருக்குப் பிறகு இந்தப் பழக்கம் தைவானில் வேறு வடிவம் எடுத்தது. ஹூ ஷியாவ்-ஷியன் 2003-இல், ஓசுவின் நூற்றாண்டுக்காக அதே ஷோசிகு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், டோக்கியோவுக்கு வந்து 'கஃபே லூமியர்' எடுத்தார். படம் நெடுக ரயில்கள். ஓசுவின் ஷாட்டுகளை அவர் காப்பியடிக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அதே 2003-இல் சாய் மிங்-லியாங் 'குட்பை டிராகன் இன்' எடுத்தார், தைப்பேயில் மூடப்படப்போகும் பழைய தியேட்டர் ஒன்றின் கடைசி இரவு பற்றி. படம் முடிந்து விளக்கு போட்டதும் காலித் தியேட்டரைக் காட்டுகிறார். கால் சற்று ஊனமான டிக்கெட் கிழிக்கும் பெண் வரிசை வரிசையாக நடந்து பெருக்கிவிட்டுப் போகிறாள். அவள் போய்விட்டாள். ஷாட் போகவில்லை. காலி நாற்காலிகள் அப்படியே நிற்கின்றன, நிமிடக் கணக்கில். ஓசு ஐந்து வினாடி கொடுத்த இடத்தில் இவர் பொறுமையை முழுக்க வாங்கிக்கொள்கிறார். முதல் முறை எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பார்த்தால் என் ஊரில் கல்யாண மண்டபமாகிவிட்ட தியேட்டர் ஞாபகம் வருகிறது. ஆரம்பிக்கிறவர்கள் இவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது? எல்லாரும் டோக்கியோ ஸ்டோரி என்பார்கள். 2012-இல் உலக இயக்குநர்கள் சேர்ந்து வாக்களித்து அதைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள், அந்தப் புகழே பாரம். மாஸ்டர்பீஸ் பார்க்கிறோம் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் ஓசு பிடிபட மாட்டார். என் யோசனை, 1959-இல் வந்த 'குட் மார்னிங்'. வீட்டுக்கு டிவி வாங்கித் தராவிட்டால் பேசவே மாட்டோம் என்று இரண்டு பையன்கள் மௌன விரதம் இருக்கிற கதை. நெற்றியில் கை வைத்து அழுத்தினால் பின்னால் காற்று விட வேண்டும் என்பது அந்தத் தெருப் பிள்ளைகளின் விளையாட்டு. ஒரு பையனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் காற்றோடு வேறொன்றும் வந்துவிடும், அம்மா திட்டிக்கொண்டே டவுசரை மாற்ற வேண்டும். லேப்டாப்பில்தான் பார்ப்பீர்கள் என்றால் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொடியில் துணி வரும்போது அர்த்தம் தேட வேண்டாம். எந்த வீட்டுத் துணி, காற்று அடிக்கிறதா, சற்றுமுன் பேசியவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

படம் முடியும்போதும் நீல வானத்தின் கீழ் ஒரு கொடி வருகிறது. காற்றில் ஆடுவது அந்தப் பையனின் ஜட்டிகள்.